நாலு டிகிரிப் பெட்டி

டிக். ர்ர்ர். டிக். ர்ர்ர்.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடை. போன வாரம் மழைக்கு அங்கே ஒதுங்கினேன். உள்ளே கண்ணாடித் தொட்டியில் நாலு ஆரஞ்சு மீன்கள். தொட்டிக்குப் பின்னால், கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டார். அது தண்ணீரை ஒரு மடக்கு எடுக்கும், விடும். எடுக்கும், விடும். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். மழை விடட்டும் என்றேன். மழை விட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

இந்தச் சத்தத்தை ஒன்பது மாதம் தரை வழியாகக் கேட்டவன் நான். நெய்வேலி டவுன்ஷிப்பில், மாடிக் குவார்ட்டர்ஸில், உள்ளங்கால் வழியாக. கீழ்வீட்டில் ஒரு சின்னப் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டபடி நான் சோறு தின்றிருக்கிறேன், முகச்சவரம் செய்திருக்கிறேன். அது எதற்காக ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். அது ஓடத் தேவையே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாவது விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கீழ்வீட்டு டாக்டரம்மா என்றுதான் பிளாக்கில் எல்லோரும் சொல்வோம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் புற்றுநோயைப் பற்றி ஆராய்கிறவர். கணவர் அனல்மின் நிலையத்தில் என்ஜினீயர். டாக்டரம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து வருவார், திங்கள் விடியலில் பஸ் ஏறுவார். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. காதோரம் நரைத்ததை மறைக்க மாட்டார். எதையும் மறைக்க மாட்டார். அதுதான் அவர்.

யாராவது புதுப் புடவை கட்டி வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், "முதல் தண்ணிக்கே சாயம் போயிடும்ங்க, தனியா துவைங்க" என்பார். இளைத்துவிட்டேனா என்று கேட்டால் எத்தனை கிலோ என்று சொல்வார். வேண்டுமென்று நோகடிக்கிற பேச்சு இல்லை அது. கேள்வி கேட்டால் பதில் வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறார்கள் என்று நம்புகிறவர். அப்படி நம்புகிற ஆளோடு ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குவது களைப்பான காரியம்.

எங்கள் பிளாக்கில் நாலு குடித்தனத்துக்கும் ஒரே மாடித்தொட்டி. கோடையில் தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரியாது. இவர் ஒரு சிலேட்டை மாடிப்படி ஆணியில் மாட்டினார். சனி ஞாயிறில் தொட்டிக்கு ஏறி அளந்து பார்த்து, சாக்பீஸால் எழுதுவார்: "இன்னும் ஒன்றரை அடி." "ஒரு சாண்." ஒரு நாள் "காலி" என்று மட்டும் இருந்தது.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "மேடம், நீங்க எழுதறதுக்கு முன்னாடி நாலு வீட்டுக்கும் தண்ணி வந்துச்சு. இப்போ ஒரு சாண்னு எழுதினதும் எதிர்வீட்டுக்காரி அண்டாவைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துடறா."

"தெரியாம இருந்தா பயமா இருக்குமேங்க."

"தெரிஞ்சாத்தாங்க அண்டா தூக்கறா."

டாக்டரம்மா சிரித்தார். சிலேட்டை எடுக்கவில்லை. "தெரிஞ்சுட்டா பயம் போயிடும்ங்க" என்பது அவர் அடிக்கடி சொல்கிற சொல். சாமி கும்பிடுகிற மாதிரி சொல்வார்.

அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்த வில்லைகளால் ஒட்டியிருந்தவை எல்லாம் தோற்றுப்போன சோதனைகள். ஒரு சோதனைக்கு ஒரு சீட்டு. "பதினேழாவது: ஆறு மணி நேரத்தில் எல்லாம் இறந்தன." "பதினெட்டாவது: பேட்டரி." மற்ற வீடுகளில் அந்த இடத்தில் முருகன் இருப்பார்.

அப்போதுதான் டி.வி.யில் புற்றுநோய்க்கு ஏதோ புது ஊசி என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியையே தட்டி எழுப்பி நோயோடு சண்டை போடவைக்கிற ஊசி. மைன்ஸில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன ஒருவர் மனைவியின் ரிப்போர்ட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவைத் தேடி வந்தார். நான் படியில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன், செகண்ட் ஷிப்ட்.

"அந்த ஊசி என் சம்சாரத்துக்குக் கேக்குமாம்மா?"

"தெரியலைங்க."

"பாதிக்குப் பாதியாவது?"

"சில பேருக்கு நல்லா கேக்குதுங்க. சில பேருக்குத் துளிகூடக் கேக்கறதில்லை. உங்க வீட்டம்மா எந்தப் பக்கம்னு முன்கூட்டியே சொல்ல இப்போதைக்கு நல்ல வழி இல்லை. அந்த வழியைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

"எப்ப கெடைக்கும்?"

"தெரியலைங்க."

அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என்னைக் கடந்து போகும்போது, "ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லத் தெரியல, இவங்கள்லாம் டாக்டரு" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. சொல்லித் தொலைத்தால் என்ன. காசா பணமா.

கரண்ட் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், படிக்கட்டில் உட்கார்ந்து தன் வேலை என்ன என்று எனக்குச் சொன்னார். நான் மைன்ஸில் பம்ப் செக்‌ஷனில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். நிலக்கரிக்கு அடியில் பூமிக்குள் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். மேலே மண்ணை எடுக்க எடுக்க அது கீழிருந்து தள்ளும். விட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். அதனால் ராப்பகலாகப் பம்புகள் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பம்புகளின் முள்ளையும் எண்ணையும் பார்ப்பதுதான் என் வேலை. எண் ஏறினால் காத்திருக்கக் கூடாது. அலாரம் அடிப்பதற்கு முன்னால் கை போய்விட வேண்டும். இருபது வருஷம் அப்படித்தான் சோறு தின்றிருக்கிறேன்.

அது அவருக்குத் தெரியும். அதனால் என் பாஷையில் சொன்னார்.

"நம்ம உடம்புலயும் ஷிப்ட்டு உண்டுண்ணா. காவல் அணுக்கள் இருக்கு. கட்டி வந்ததும் அதுங்க உள்ளே போய் சண்டை போடுது. நாள்கணக்கா, மாசக்கணக்கா. ஒரு கட்டத்துல களைச்சிடுது. சாகலை. கட்டிக்கு உள்ளேயே நிக்குது, கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு."

"நைட் ஷிப்ட்ல விடியக்காலம் நாலு மணிக்கு நாங்க நிக்கற மாதிரி."

"அதேதான். புஸ்தகத்துலயே களைப்புன்னுதான் எழுதியிருக்கு. அதுல எதை எழுப்ப முடியும், எந்த மருந்து எழுப்பும்னு அந்த ஆளோட கட்டித் துண்டை வெளியே எடுத்து வச்சுப் பார்க்கணும். துண்டு உயிரோட இருக்கணும். அதுல இருக்கற காவல் அணுக்களும் உயிரோட இருக்கணும். செத்ததை எழுப்பிப் பார்க்க முடியாதில்ல."

ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சிக் கூடமும் ஒரே வளாகத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. அறுத்த துண்டு பத்து நிமிஷத்தில் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும். அதனால் உலகம் முழுக்க அந்த மாதிரி இடத்துக் கட்டிகளைத்தான் பார்க்கிறார்கள் என்றார். "மேல்பட்டாம்பாக்கத்துல ஒருத்தருக்கு வர்ற கட்டி எந்தக் கணக்குலயும் இல்லைண்ணா. அஞ்சு மணி நேரம் பஸ்ல வந்தா அது செத்துடும்."

அதற்குத்தான் பெட்டி. பெரிய டிபன் கேரியர் அளவு. உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி. அதில் புளியங்கொட்டை அளவு சதைத் துண்டு இருக்கும். அதன் மேல் ஊட்டச்சத்து நீரை ஒரு சின்னப் பம்ப் சொட்டுச் சொட்டாக ஓடவிடும். டிக். ர்ர்ர். குப்பியைச் சுற்றி விரல் நுழைகிற காலி இடம், ஓரத்தில் குளிரவைக்கும் தகடு. நாலு டிகிரியில் வைத்திருக்கும். குளிரில் அணுக்கள் தூங்கும், ஆனால் உறையக் கூடாது. உறைந்தால் உள்ளே ஊசி ஊசியாக ஐஸ் குத்தி வெடித்துவிடும். முகப்பில் ஒரு ஜன்னல், அதில் சிவப்பு எழுத்தில் டிகிரி. தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பெரிதாக. அந்த ஜன்னலில் அவருக்குத் தனிப் பெருமை.

பெட்டியைச் சோதித்துப் பார்க்க உயிருள்ள சதை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மெயின் பஜார் கறிக்கடைக்குப் போவார். வீட்டில் முட்டைகூட வாங்காதவர். "சுவரொட்டி இருக்குங்களா, இப்ப வெட்டினதா?" சுவரொட்டி என்றால் ஆட்டு மண்ணீரல். காவல் அணுக்கள் அதில்தான் கொத்துக் கொத்தாக இருக்குமாம். கறிக்கடைக்காரர் எங்களிடம், "பாவம், அந்தம்மாவுக்கு ரத்தம் பத்தல போல, வாராவாரம் வாங்கிட்டுப் போவுது" என்றார்.

இருபத்து மூன்றாவது சீட்டில் முதல்முறையாக, "ஏழு மணி நேரம், பெரும்பாலும் உயிருடன்" என்று இருந்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டவில்லை. மேஜைமேல் வைத்திருந்தார். எங்கே ஒட்டுவது என்று தெரியாதவர் மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காவுக்குக் கன்னத்தில் கட்டி என்று தெரிந்தது.

அக்கா மேல்பட்டாம்பாக்கம் பக்கம். அப்பா அம்மா கூலிக்குப் போனபோது என்னை இடுப்பில் சுமந்தவள். பிறகு பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கிற வேலை, முப்பது வருஷத்துக்கு மேல். வாயில் எந்நேரமும் போயிலை. கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கு அந்த ஆஸ்பத்திரி முன்னமே அனுமதி கொடுத்திருந்தது. வெளியூரிலிருந்து பெட்டியில் வரப்போகிற முதல் மனிதச் சதைத் துண்டு அக்காவுடையதாக இருக்கலாம் என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டரம்மா ஒப்புதல் படிவத்தோடு மேலே வந்தார். தமிழில் நாலு பக்கம். தரையில் அக்காவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வரி வரியாக வாசித்தார். மூன்றாவது வரி: "இந்த ஆராய்ச்சியில் பங்கேற்பதால் உங்களுக்கோ உங்கள் சிகிச்சைக்கோ எந்த நன்மையும் கிடையாது." அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். புரிந்ததா என்று கேட்டார்.

அக்கா வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாம்மா இது. எனக்கு ஒண்ணியும் கெடைக்காதுன்றத நாலு பக்கத்துக்கா எழுதி வச்சிக்கினு வருவாங்க?"

"சொல்லித்தாங்க ஆகணும்."

"சொல்லிட்ட. பின்ன யாருக்குத்தான் கெடைக்கும்?"

"பின்னாடி வர்றவங்களுக்கு. அதுவும் சரியா தெரியலைங்க."

"அதுவும் தெரியலையா." அக்கா என்னைப் பார்த்தாள். "டேய், இந்தப் பொண்ணு கடை வச்சா ஒரு கொட்டை விக்க மாட்டா."

கைநாட்டு வைத்தாள். காகிதத்தில் நீலமாக ஒரு வட்டம் விழுந்தது. ரேகை இல்லை, ஒரு கோடுகூட இல்லை. முந்திரிக்கொட்டை எண்ணெய் விரலை அரித்து வழவழப்பாக்கியிருந்தது. "ஆதாரு எடுக்கற எடத்துலயும் இதே கததான். மிஷினு என்னை ஆளே இல்லன்னுடுச்சி." டாக்டரம்மா அந்த நீல வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்குங்களா?" என்று அக்காவைக் கேட்டார்.

"இருக்குது."

"ம். இருக்கும்."

அவ்வளவுதான். தைரியமாக இருங்கள் என்று சொல்லவில்லை. அவர் இறங்கிப் போனதும் அக்கா சொன்னாள், "ஒடம்பு சரியில்லன்னதுலேர்ந்து பாக்கறவங்கள்லாம் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்றாங்க. நீயுந்தான். இந்த ஒரு பொண்ணுதான்டா என்னாண்ட பொய் சொல்லல."

பெட்டியை யார் எடுத்துப் போவது என்ற பேச்சு வந்தது. டாக்டரம்மா சென்னையில் கூடத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். "படிச்சவங்க எடுத்துட்டு வந்தா அது சோதனையே இல்லைண்ணா. யார் எடுத்துட்டு வந்தாலும் உயிரோட வரணும்." நான் போகிறேன் என்றேன். அவர் தயங்கினார். "கூடப்பொறந்தவங்க வேணாமேன்னு பார்க்கறேன்."

"நம்பரைப் பார்க்கறதுதானே மேடம் என் பொழப்பே."

கடைசியில் சரி என்றார். மூன்றே கட்டளை. திறக்கக் கூடாது. எட்டு டிகிரி வரை ஏறினாலும் பரவாயில்லை, விட்டுவிட வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது வரியை அக்கா நம்பினாள். நான் நம்பவில்லை. அது எழுதிக் கொடுக்கிற பேச்சு, வக்கீல் பேச்சு என்று நினைத்தேன். துண்டு உயிரோடு போனால், அவர்கள் பார்த்தால், அக்காவின் களைத்த அணுக்களை எழுப்பும் மருந்து எது என்று தெரிந்தால், சொல்லாமலா இருப்பார்கள். அந்தப் பெட்டியில் என் அக்கா இருந்தாள். அப்படித்தான் மடியில் வைத்திருந்தேன்.

சித்திரை வெயில். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்காத உடம்பு. ஆபரேஷன் முடிந்து, குப்பியை அவர்களே பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். கடலூரில் பஸ் ஏறினேன். சிவப்பில் நாலு. பாண்டி தாண்டினேன். நாலு. கடற்கரைச் சாலையில் பஸ் கூரை கொதித்தது. ஐந்து. மரக்காணத்தில் டயர் வெடித்து எல்லோரும் இறங்கினோம். நிழல் இல்லை. இரண்டு பக்கமும் உப்பளம், கண்ணைக் குத்துகிற வெள்ளை. ஆறு. நான் தோளில் கிடந்த துண்டால் பெட்டியைப் போர்த்தினேன். அதை விலக்கிப் பார்த்தேன். ஏழு.

போன் போட்டேன். அவர் இருந்த கூடத்துக்குள் போன் கொண்டு போகக் கூடாது. மணி அடித்து அடித்து நின்றது.

எட்டு வரை விடலாம் என்று காது சொன்னது. கை வேறு பள்ளிக்கூடத்தில் படித்த கை. எண் ஏறினால் காத்திருக்காதே. சாலையோரம் ஓர் அம்மாள் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கூடையில் உடைத்த ஐஸ்.

"கொஞ்சம் ஐஸ் குடும்மா."

"இன்னாத்துக்கு?"

"மருந்து. சூடாவுது."

"வெறும் ஐஸு வச்சா மாமல்லபுரம் போறதுக்குள்ள தண்ணியாப் பூடும். உப்பு போடு, இறுகி நிக்கும்." பக்கத்து உப்புக் குவியலிலிருந்து அவளே கைநிறைய அள்ளி எடுத்தாள்.

பெட்டியைத் திறந்தேன். குப்பியைச் சுற்றிய காலி இடத்தில் ஐஸையும் உப்பையும் திணித்தேன். மூடினேன். ஆறு. நாலு. மூன்று. டயர் மாற்றிப் பஸ் கிளம்பியது. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு. பம்ப் மார்புக்குக் கீழே டிக், ர்ர்ர் என்றது. அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு வந்ததும் தூக்கம் வந்தது. எத்தனை நாள் தூக்கம்.

கோவளம் தாண்டி விழித்தேன். மைனஸ் நாலு. பம்ப் சத்தம் இல்லை.

ஐஸை ஜன்னல் வழியாகக் கையால் அள்ளி அள்ளி வெளியே எறிந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தார். தோள் துண்டால் துடைத்தேன். எண் மெல்ல ஏறியது. பம்ப் இருமிவிட்டு மறுபடி ஓடியது. கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சிவப்பில் சரியாக நாலு. எதுவும் நடக்காத மாதிரி.

ஆனால் பெட்டி வழிநெடுக எழுதி வைத்திருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு கோடு மேலே ஏறி, பள்ளத்தில் விழுந்து, எழுந்தது. டாக்டரம்மா கோட்டைப் பார்த்தார். பிறகு என்னை.

"என்னண்ணா ஆச்சு?"

"தெரியலை மேடம். தானா இறங்கிடுச்சு. நான் தொடவே இல்லை."

அவருடைய சொல்லையே எடுத்து அவரிடம் கொடுத்தேன். கேட்ட கேள்விக்குப் பதில்தான் வரும் என்று நம்புகிறவர் இல்லையா. நம்பினார். துண்டு முழுவதும் செத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த ஒன்பது மாதம். தகடு தானாக உறையவைக்கிறது என்றால் கோளாறு எங்கே? சனி ஞாயிறு முழுக்கப் பெட்டி ஓடியது. மொட்டைமாடி வெயிலில் வைத்தார். ஸ்கூட்டரில் கட்டி வடலூர் வரை போய் வந்தார். பஸ்ஸில் பண்ருட்டி போய்ப் பலாப்பழ ஏலத்துக்கு நடுவே நின்று திரும்பி வந்தார். வாராவாரம் சுவரொட்டி. பெட்டி நாலிலேயே நின்றது. ஒருமுறைகூட உறையவில்லை. உறையாததுதான் அவரைத் தின்றது. "ஒரு தடவை பண்ணினது மறுபடி பண்ணணுமேண்ணா. ஏன் பண்ண மாட்டேங்குது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலேயே வந்துவிட்டார். "நீங்க இன்ஸ்ட்ருமென்ட் ஆளாச்சே. ஒரு தடவை பாருங்களேன்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பிரித்தேன். ஒவ்வொரு வயராகத் தொட்டேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். இல்லாத பழுதை ஒன்றரை மணி நேரம் தேடினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தார். "லூஸ் கனெக்‌ஷனா இருக்கலாம்" என்றேன். எழுதிக்கொண்டார். என் மனைவி காபி கொடுத்தாள். அந்தக் காபியின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஐப்பசியில் அக்காவுக்குக் கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. ஆராய்ச்சியில் மேலே இருப்பவர்கள் பெட்டியை நம்ப முடியாது, சென்னை ஆஸ்பத்திரிகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அதை டாக்டரம்மா மாடிப்படி சிலேட்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார், தண்ணீர் காலி என்று சொல்வது போல. கடலூரோ பண்ருட்டியோ இனிக் கணக்கில் இல்லை. ஆனாலும் கீழ்வீட்டில் பம்ப் ஓடியது.

மார்கழி முடிவில் அக்கா போய்விட்டாள். தை பிறந்து டாக்டரம்மாவின் கணவருக்கு வடக்கே மாற்றல் வந்தது. டாக்டரம்மாவுக்கும் அங்கே ஒரு கூடத்தில் வேலை கிடைத்திருந்தது.

லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பகல் ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதி அடங்கியிருந்தது. ஃப்ரிட்ஜை நான்கு பேர் தூக்கினார்கள், கதவில் சீட்டுகள் அப்படியே. பெட்டியை மட்டும் லாரியில் ஏற்றவில்லை. டாக்டரம்மா வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்திருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

"மேடம். அது தானா இறங்கலை."

நிமிர்ந்து பார்த்தார்.

சொன்னேன். ஏழு. மரக்காணம். மீன்காரம்மா. ஐஸ். உப்பு. தூக்கம்.

"உப்பா?" என்றார்.

"உப்பு."

"தகட்டு ஓரத்துல வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. தகடு அரிக்குதுன்னு மூணு தகடு மாத்தினேன்." அவர் முகம் ஒரு கணம் தெளிந்தது. கணக்குக்கு விடை கிடைத்த முகம். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. பிறகு அந்தத் தெளிவு வடிந்தது. "ஒன்பது மாசம்ணா" என்றார். திட்டியிருந்தால் நின்றிருப்பேன். வேர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். "எத்தனை கை உப்பு?"

"ரெண்டு."

"மணி?"

"ரெண்டரை இருக்கும்."

எழுதினார். எழுதி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன். எத்தனையோ நாளாக வயிற்றில் கிடந்த கேள்வி. "அது உயிரோட வந்திருந்தா, அக்கா..."

"இல்லைண்ணா." பேனா நின்றது. "மூணாவது வரி. ரெண்டு தடவை படிச்சேனே. அக்காவுக்குப் புரிஞ்சுது. உங்க அக்காவுக்கு அதால ஒரு நல்லதும் நடந்திருக்காது. இது எனக்குத் தெரியும்."

தெரியும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கணவர் காரில் ஏறிவிட்டார். டாக்டரம்மா எழுந்தார். பெட்டியைத் திருப்பி, முகப்பில் இருந்த ஜன்னலைப் பார்த்தார். ஓடாத பெட்டி. சிவப்பு எழுத்து இல்லை. கட்டைவிரலால் அந்தக் கண்ணாடியை மறைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி மறைத்தார்.

"பழுது இருந்துச்சுண்ணா. நான்தான் வேற எடத்துல தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். காரில் ஏறி, பெட்டியை மடியில் வைத்து, கண்ணாடியை இறக்கினார். "அடுத்த பெட்டியில நம்பரை மூடிடறேன்."